ஷோனெட் வாங்கிய முதல் பரிசு

போன மாதம் ஷோனெட் இறந்தபோது எங்கள் மாவட்டப் பத்திரிகை நாலு வரி போட்டது. அதில் மூன்று வரி அவள் தம்பியைப் பற்றி. "முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் இதெல் அவர்களின் தமக்கை" என்று ஆரம்பித்து, தம்பி எத்தனை வருஷம் பதவியில் இருந்தார், எந்தெந்தக் குழுக்களில் உட்கார்ந்தார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று கடைசியில் அவள் வயதைப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளைச் சுருட்டி, ஈரமாக வந்த ஒரு பூட்ஸுக்குள் திணித்தேன். நான் செருப்புத் தைக்கிறவன். பத்திரிகையை எதற்குப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருஷம் எங்கள் பெந்த்ரெலின் சபைக்குச் செயலாளராகவும் இருந்தேன். அந்த முறையில் எனக்கும் ஷோனெட்டுக்கும் அவள் தம்பிக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பத்திரிகைக்காரன் எழுதாததை நான் எழுதுகிறேன்.

மலைப்பாதை திரும்புகிற இடத்தில் அவர்கள் வீடு. அப்பா க்ரிஃபித் பலகைக்கல் குவாரியில் நாற்பது வருஷம் வெடி வைத்தவர். கடைசியில் கண் மங்கி, காது சுத்தமாகப் போய் நாற்காலியோடு உட்கார்ந்துவிட்டார். அம்மா இல்லை. தம்பி சட்டம் படித்து, வக்கீலாகி, பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் எம்.பி.யாகி லண்டன் போய்விட்டான். மூன்று பசு, ஒரு பன்றி, ஒரு அப்பா, எல்லாம் ஷோனெட் தலையில். அவள் கடைகிற வெண்ணெய்க்கு டவுனில் பெயர் உண்டு. அவள் வாய்க்கு இங்கேயே பெயர் உண்டு.

இதெல் ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவான். செவ்வாய்க்கிழமை வந்து சேரும். அன்று சாயங்காலம் ஷோனெட் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். செவிட்டுக் காதுக்குப் படிக்க வேண்டுமென்றால் கத்தித்தான் படிக்க வேண்டும். அவள் கத்துவது பாதை முழுக்கக் கேட்கும். முதலில் ஜன்னலோரம் இரண்டு பேர் நின்றார்கள். மழை வந்ததும் உள்ளே வந்தார்கள். நாற்காலி கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு வருஷத்துக்குள் செவ்வாய்க்கிழமை அந்தச் சமையலறையில் பதினைந்து பேர் தேநீரும் திராட்சை ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு எழுதிய கடிதம் ஊர்க் கடிதமாகிவிட்டது.

அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி மூப்பர் எலியாஸுக்கு. எங்கள் சபையில் அவர் தலையசைத்தால் அறுபது ஓட்டு அசையும். வெயிலானாலும் மழையானாலும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். ஜெபம் பண்ணும்போதும் அதை இறக்க மாட்டார்.

"தம்பி என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா அம்மா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"எழுதாம இருப்பானா மூப்பரய்யா? உங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டிருக்கான். வாத்துக் கொழுப்பு தடவச் சொல்லியிருக்கான்."

மூப்பர் குளிர்ந்துபோவார். என் தோல் விலை ஏறினது பற்றியும் இதெல் ஒரு முறை வருத்தப்பட்டிருந்தான். எவ்வளவு பெரிய மனுஷன், எங்கேயோ இருந்துகொண்டு என் தோலை நினைக்கிறானே என்று நான் வீட்டில் போய்ச் சொன்னேன். அதில் ஒரு சொல்லைக்கூட இதெல் எழுதவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவன் எழுதினதில் பாதியை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஷோனெட் தானாகக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையனுக்குக் கை சும்மா இருக்காது. கேலி எழுதாமல் அவனால் ஒரு பக்கம் தாண்ட முடியாது.

அந்த வருஷம் நாட்டுப் புனிதர் தாவீதின் திருநாளுக்கு எங்கள் சபையில் வழக்கம்போலப் போட்டிகள் நிறைந்த ஐஸ்தெத்வோட் விழா. தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று பேச்சு இருந்ததால், உரைநடைப் போட்டிக்குக் குழு வைத்த தலைப்பு: "பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் வீட்டாருக்கு எழுதும் கடிதம்." யாரோ இதெல்லுக்கு வால் பிடித்த வேலை. யாரோ என்ன, நான்தான்.

விதி எளிது. எழுதினதைப் புனைபெயரில் பெட்டிக்குள் போட வேண்டும். கூடவே ஒட்டிய சின்ன உறை. உறைமேல் புனைபெயர், உள்ளே நிஜப் பெயர். நடுவர் வெளியூர்ப் போதகர். மேடையில் அவர் ஜெயித்தவரின் புனைபெயரைக் கூப்பிட்டால், அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் எழாவிட்டால், செயலாளர் எல்லார் முன்னாலும் உறையைக் கிழித்துப் பெயரைப் படிப்பார்.

பெட்டி மூடுகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷோனெட் ஓடி வந்தாள். கையெல்லாம் வைக்கோல். செரென் என்கிற பசு கன்று போட்டுக்கொண்டிருந்ததாம். ஒரு கற்றைத் தாளையும் உறையையும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, நான் எதுவும் கேட்பதற்குள் ஓடிவிட்டாள். அன்று மூன்று மணிக்குப் பெட்டி வண்டிக்காரரோடு மலைக்கு அந்தப் பக்கம் நடுவரிடம் போய்விட்டது.

சாயங்காலம் கடிதம் கேட்கப் போனோம். அவள் தாளைப் பிரித்து, "அன்புள்ள அப்பாவுக்கு" என்று கத்தினாள். அடுத்த வரியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாய்த் தேநீர் குடித்தாள். பிறகு தாளை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள் பாருங்கள், அப்படி ஒரு கடிதம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. லண்டனில் ஒரு மந்திரியின் தொப்பி காற்றில் பறந்து தேம்ஸ் ஆற்றில் விழுந்ததாம், நம் இதெல் ஓடிப் போய் எடுத்தானாம், மந்திரி நன்றி சொன்னபோது "எங்க ஊர் மூப்பர் எலியாஸா இருந்தா குடையை நீட்டியே எடுத்திருப்பார்" என்றானாம். மூப்பருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள்.

"எம்ரிஸ் அண்ணே, நேத்து நான் போட்ட தாளைத் திருப்பிக் கொடுங்க."

"பெட்டிக்குள்ள போனது போனதுதான். அதுவுமில்லாம பெட்டியே இங்க இல்ல."

"தப்பான தாளைப் போட்டுட்டேன்."

"தபால்ல வர்றதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் உண்டு. சரியான தாளை நடுவருக்கே அனுப்பு. ஒருத்தர் எத்தனை வேணா அனுப்பலாம். பழசைத் திருப்பற வழக்கம் கிடையாது."

"வழக்கம், வழக்கம். உங்களைப் பெத்தாங்களா இல்ல அச்சடிச்சாங்களா?"

"ஏன் இப்படிப் பதறுறே? ஜெயிக்கலேன்னா உறையைக்கூடப் பிரிக்காம எரிச்சிருவோம்."

"ஜெயிச்சா?"

"எழுந்து நில்லு. நிக்கலேன்னா நான் பேரைப் படிப்பேன்."

அவள் என் சுத்தியலைப் பார்த்த பார்வையில் அதை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். இதெல்லுக்கு எழுத்தாளன் என்று பெயர் வாங்க வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே ஆசை. தன் தொகுதியிலேயே நடக்கும் போட்டியில் ரகசியமாகக் கலந்துகொள்ளத் துணிந்து, வழக்கமான கடிதத்தோடு தன் படைப்பையும் ஒட்டிய உறையையும் ஒரே தபாலில் அக்காவுக்கு அனுப்பியிருந்தான். இரண்டுமே "அன்புள்ள அப்பாவுக்கு" என்று தொடங்கி, பெயரில்லாமல் "உங்கள் மகன்" என்று முடிந்தன. ஒரு கை பசுவிடமும் ஒரு கை தபாலிலுமாக இருந்த ஷோனெட், நிஜக் கடிதத்தைப் போட்டிக்குப் போட்டுவிட்டாள். கடிதத்தை முன்கூட்டிப் படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. முன்னால் படித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பாள். ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. மூப்பரைத் தம்பி என்ன பெயரில் எழுதுவான் என்பது மட்டும் தெரியும். கூட இருந்த உறைக்குள் தம்பி பெயர் இருக்கும் என்றும் நினைத்தாள். பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தவன், அறுபது ஓட்டை ஒரு கடிதத்தில் தொலைக்கப் போகிறான்.

ஆனாலும் தம்பி ஆசைப்பட்டானே என்று, அவன் படைப்பையும் வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்தாள். தம்பியின் உறையும் அதன்மேல் இருந்த புனைபெயரும் ஏற்கெனவே போய்விட்டதால், இதற்குப் புதுப் புனைபெயர் வேண்டியிருந்தது. தொழுவத்தில் நின்று யோசித்ததால் "பசுவின் வால்" என்று வைத்தாள். உறைக்குள் தன் பெயரை எழுதினாள்.

விழா நாளில் சபைக்கூடம் நிரம்பி வழிந்தது. எல்லார் கோட்டிலும் திருநாள் அடையாளமாக ஒரு லீக் பூண்டுத் தண்டு. பாட்டுப் போட்டியெல்லாம் முடிந்து, நடுவரான போதகர் கராடோக் கடிதங்களோடு எழுந்தார். நீளமான மனிதர், நீளமாகப் பேசுகிறவர். ஐந்து படைப்புகளில் கடைசி இடத்திலிருந்து தொடங்கினார்.

"பசுவின் வால். இவருக்குப் பெரிய பெரிய சொற்கள் தெரியும். பாராளுமன்றத்தைத்தான் தெரியாது. இதை எழுதியவர் பெந்த்ரெலினைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை என்று சத்தியம் செய்வேன். கோபுரம், நிழல், கடமை. இப்படி ஒரு மகன் கடிதம் எழுதினால் அப்பன் காசு அனுப்புவதை நிறுத்திவிடுவான்."

கூடம் சிரித்தது. ஷோனெட் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"முதல் பரிசுக்குரியது, மலைச்சாரல். இதைப் பற்றி நான் பேசுவதைவிடப் படித்துவிடுகிறேன்" என்றார் போதகர்.

"அன்புள்ள அப்பாவுக்கு. இங்கே மழை. அங்கேயும் மழைதான் என்று தெரியும், ஆனால் அங்கே பெய்வது நம் மழை. நேற்று ஒரு மசோதாவைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. 'உறுப்பினர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்' என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். நம் குடை சௌக்கியமா? போன ஞாயிறு ஜெபத்தில் கடவுளுக்கு எத்தனை யோசனை சொன்னது? நான் வந்திருந்தபோது நாற்பது நிமிடம் ஜெபித்தது. பாதியிலேயே கடவுள் எழுந்து போயிருப்பார், குடை வழியை மறித்துக்கொண்டு நிற்காமல் இருந்திருந்தால்."

 இருநூறு ஜோடிக் கண்களும் முதல் வரிசையில், எலியாஸின் கக்கத்தில் இருந்த குடைக்குப் போயின. எலியாஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த என்னை முழங்கையால் இடித்தார்.

"கீழத்தெரு சபை ஹம்ஃப்ரி. அப்படியே அவன்தான். என்ன நீளம் ஜெபிப்பான் தெரியுமா, பாவி."

அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ஷோனெட்டின் தோள் கொஞ்சம் இறங்கியது. போதகர் பக்கத்தைத் திருப்பினார்.

"இதை உங்களுக்குப் படிக்கிறவள் தளபதி. நான் எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டு, எழுதாததைப் படிக்கிறாள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு. ஊரில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் முழுக்க அவள் சொந்தமாகக் கட்டினது. அப்பா, இப்போது தொண்டையைச் செருமுவாள். இந்த இடத்தைத் தாண்டப் பார்ப்பாள். விடாதீர்கள். அந்தக் கப்பல் தலைவன் வந்து பெண் கேட்டபோது ஏன் வேண்டாமென்றாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குக் காது போன வருஷம் அது, எனக்குப் படிப்பு முடியாத வருஷம். அவளுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. மூன்று தடவை சொல்லப் போனேன். மூன்று தடவையும் பால் வாளியைக் கையில் கொடுத்துத் துரத்திவிட்டாள். அதனால் அவள் வாயாலேயே அவளுக்குச் சொல்கிறேன். இதைக் கத்திப் படிக்கட்டும்."

கூடத்தில் அங்கங்கே மூக்குறிஞ்சும் சத்தம். ஷோனெட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கப்பல் தலைவன் பெண் கேட்ட கதை எங்கள் யாருக்கும் தெரியாது. எழுதினவரின் கற்பனை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

போதகர் தாளை மடித்தார். "ஒரே ஒரு குறை. இந்தத் தளபதி பாத்திரம் கொஞ்சம் மிகை. இப்படி ஒரு அக்கா இருக்கலாம். அவளைப் பற்றி இப்படி எழுதுகிற தம்பி உலகத்திலேயே கிடையாது. சரி, மலைச்சாரல் எழுந்திருக்கட்டும்."

யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். நான் உறையைக் கையில் எடுத்து, தோல் சீவும் கத்தியைத் திறந்தேன். வழக்கம் வழக்கம்தானே. மூன்றாம் தடவை கூப்பிட வாயெடுத்தபோது பெஞ்சு கிரீச்சிட்டது. ஷோனெட் எழுந்து நின்றாள். சபைக்கூடத்துக்குள் ஒரு பொய் சொல்லாதவள், தம்பி பெயர் வெளியே வராமல் இருக்க அத்தனை பேர் முன்னால் அவன் எழுதினதைத் தன்னுடையது என்று நின்றாள். கைதட்டல் அடங்கவே இல்லை.

பரிசு, காசு வைத்த பட்டுப் பை. ரிப்பன் கட்டி ஜெயித்தவர் கழுத்தில் மாட்டுவது மூப்பரின் வேலை. எலியாஸ் குடையை இறக்காமலே மாட்டினார்.

"ஏம்மா, அந்தக் குடை யாருன்னு எனக்கு மட்டும் சொல்லேன்."

"ஊருக்கே தெரியுமே மூப்பரய்யா."

"நானும் அவன்தான்னு கண்டுபிடிச்சிட்டேன். அது இருக்கட்டும், நம்ம இதெல் கடிதத்தை நீ அப்படி விழுங்கறதில்லையே?"

"ஒரு எழுத்துகூட இல்லைங்க."

பதிவேட்டில் எழுதுவதற்காக உள்ளறையில் உறையைப் பிரித்தேன். ஷோனெட் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, அதுல இருக்கற பேரை நீங்க பார்க்காத மாதிரி..."

"உன் பேர்தான் இருக்கு."

"என்ன?"

தாளை நீட்டினேன். ஷோனெட், வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர், எல்லாம் ஒழுங்காக. ஆனால் கையெழுத்து இதெல்லுடையது. சபைக்கு வந்த எத்தனையோ கடிதங்களில் நான் பார்த்த கையெழுத்து. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பசு கன்று போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும்தான் கோபம் வந்தது.

"அப்ப நான் எந்திரிக்காம இருந்திருந்தாலும் என் பேரைத்தான் படிச்சிருப்பீங்க. இந்தப் பய, தோத்தாலும் அசிங்கப்பட்டாலும் என் தலையில விழட்டும்னு என்னைக் கேக்காமலே எழுதி ஒட்டியிருக்கான். நான் இங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஈஸ்டருக்கு வரட்டும். நீங்களும் வாங்க. சாட்சி வேணும்."

ஈஸ்டருக்குப் போனேன். இதெல் விலையுயர்ந்த கோட்டோடு அடுப்பருகே நின்றிருந்தான். ஷோனெட் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஏன்டா என் பேரைப் போட்டே?"

"எம்.பி. போட்டி போட்டான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க அக்கா. வேற யார் பேரை நம்பிப் போடுவேன்?"

"சிரிக்கறதா இருந்தா என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். அப்படித்தானே?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். "அப்ப என் படைப்பு? அதையும் அனுப்பினேன்னு சொன்னியே" என்றான்.

"அஞ்சுல அஞ்சாவது. எழுதினவர் பெந்த்ரெலினைத் தாண்டினதே இல்லைன்னு போதகர் சத்தியம் பண்ணினார்."

எட்டு வருஷம் லண்டனில் இருந்தவன் நாற்காலியில் சரிந்தான். "அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்றான். "கோபுரத்தைப் பத்தின பத்தி இருந்துதே, அதைக்கூட அவர்..." என்று இழுத்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது.

"அப்படின்னா, அந்தக் கடிதத்தை... கடைசிவரைக்கும் கேட்டியா?"

"நான் மட்டுமா? இருநூறு பேர் கேட்டாங்க."

"அக்கா..."

அவள் எழுந்து பால் வாளியை எடுத்தாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. வாளியைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னிக்குச் சொல்லு. கேக்கறேன்" என்றாள்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாட்சி வேண்டிய இடம் அதோடு முடிந்தது.

தேர்தலில் அவன் இருநூறுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தான். எலியாஸ் குடையோடு வீடு வீடாகப் போனார். செவ்வாய்க்கிழமைக் கடிதமும் தொடர்ந்தது. தான் விழுங்குவது தம்பிக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகு ஷோனெட் இன்னும் துணிச்சலாகவே விழுங்கினாள்.

பல வருஷம் கழித்து, பதவியெல்லாம் போய் ஊரோடு வந்து தங்கிய இதெல் ஒரு நாள் என் கடைக்கு வந்தான். புதுக் குதிகால் அடிக்க வேண்டுமென்றான். அடித்தேன். போகாமல் நின்றான்.

"எம்ரிஸ் அண்ணே, அந்தச் சபைப் பதிவேடு உங்ககிட்டதானே இருக்கு? முதல் பரிசுன்னு நான் வாழ்க்கையில வாங்கினது அது ஒண்ணுதான். அந்த வரியில என் பேரைச் சேர்க்க முடியுமா? ஒரு ஓரத்துல."

நான் இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்ன உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஜெயித்தவர் உறையைப் பத்திரமாக வைப்பதும் வழக்கம்தான்.

"உங்க கையெழுத்துதானே?"

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ஆமா" என்றான். குதிகாலுக்குக் காசு வைத்துவிட்டுப் போனான்.

போன மாதம் அடக்கத்தன்று மழை பெய்தது. எங்கள் போதகர் புதியவர், தெற்கேயிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது, யாரையும் தெரியாது. கல்லறை வாசலில் வெறுந்தலையோடு நனைந்துகொண்டு நின்ற கிழவரிடம் போய், நீங்கள் யாரென்று மரியாதையாகக் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் பாராளுமன்றத்தில் இருந்தவர், மேடையில் ஏறினால் தன் பட்டங்களைச் சொல்லாமல் இறங்காதவர். கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு நின்ற நான், அந்த வரிசை இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

இதெல் கண்ணைத் துடைத்தார்.

"இந்தச் சபையில கடிதப் போட்டியில முதல் பரிசு வாங்கினாங்களே, ஷோனெட்," என்றார். "நான் அவங்க தம்பி."